ஈயமா, செம்புறையா?: ஒரு பழைய என்ஃபீல்டின் குழலுக்குள்

1932-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற என்ஃபீல்ட் நம்பர் 2 ரிவால்வருக்கு வகுக்கப்பட்டது 200 கிரெயின், ஏறத்தாழ 13 கிராம், எடையுள்ள வெறும் ஈயக் குண்டு. சில ஆண்டுகளில் அதன் இடத்துக்குச் செம்புக்கலவை உறை போர்த்திய 178 கிரெயின் குண்டு வந்தது. குறி தப்பியதால் அல்ல. உடலுக்குள் விரியும் குண்டுகளை விலக்கிய 1899 ஹேக் பிரகடனத்தோடு மென்மையான ஈயம் முரண்படுமோ என்ற தயக்கம்தான் காரணம். இலக்குப் பலகையைத் தவிர வேறெதையும் சுடாத இன்றைய சேகரிப்பாளருக்கு அந்தத் தயக்கம் இல்லை.

உறைக் குண்டு கடையில் கிடைக்கும், ஒன்றுபோல் இருக்கும், வார்ப்பு வேலையும் ஈயப் புகையும் இல்லை. ஆனால் இன்று எளிதில் கிடைக்கும் .38 ஸ்பெஷல் வகை உறைக் குண்டின் விட்டம் 0.357 அங்குலம், என்ஃபீல்ட் கேட்பதோ சுமார் 0.361. ஒரு தாளின் தடிமன்தான் வித்தியாசம். குண்டு வரிப்பள்ளங்களைச் சரியாகப் பற்றாமல் தள்ளாடிப் போக அது போதும்.

ஈயம் இங்கேதான் வெல்கிறது: அதைக் குழலின் அளவுக்கே வார்க்கலாம். ஆகவே முதல் வேலை உருக்குவதல்ல, அளப்பது. எண்ணெயிட்ட குழலுக்குள் மென்மையான ஈயத் துண்டைத் தட்டி இறக்கி, வெளிவந்ததை மைக்ரோமீட்டரில் பார்க்க வேண்டும். சிலிண்டரின் வாய்களையும் விடக்கூடாது. வாய் குறுகலாக இருந்தால், பார்த்துப் பார்த்து வார்த்த குண்டு குழலை எட்டும் முன்பே இளைத்துவிடும்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியதுபோல் குழலுக்குள் ஈயம் படிந்தால், கலவையைக் கடினமாக்கு என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். பெரும்பாலும் குற்றவாளி, சிறுத்த குண்டின் ஓரமாகப் பீறிடும் சூட்டு வாயு. இவ்வளவு மெதுவான தோட்டாவுக்கு 20 பங்கு ஈயத்தில் 1 பங்கு வெள்ளீயம் சேர்ந்த மிதமான கலவையே போதும். கீல் வைத்து மடியும் சட்டகம் என்பதால் மருந்தைக் கூட்டிப் பார்க்கும் ஆசைக்கும் இடமில்லை.

எடையிலும் ஒரு கணக்கு உண்டு. இந்த ரிவால்வரின் குறிநோக்கிகள் அசையாதவை. கனமான குண்டு குழலுக்குள் சற்றுக் கூடுதல் நேரம் இருக்கும். அதற்குள் உதைப்பு முனையைத் தூக்கிவிடும். அமெரிக்கத் தொழிற்சாலையின் 146 கிரெயின் ஈயக் குண்டு அதனால் இலக்குக்குக் கீழே விழும். துப்பாக்கியில்தான் கோளாறு என்று முன் குறிநோக்கியை அரத்தால் ராவிவிட்டால், பிறகு 200 கிரெயின் குண்டு மேலே போகும்.