கீஸரும் ஷாக்கும்: ஒரு சின்ன சரித்திரம்

கொடைக்கானல் போனவங்களுக்குத் தெரியும். ஏழாயிரம் அடி உயரம். மார்கழி, தை மாசத்துல காலையில குழாயைத் திறந்தா விரல் மரத்துப் போகும். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் பழனி மலை மேல முதல் ரெண்டு பங்களா கட்டினப்போ வெந்நீருக்கு விறகுதான் கதி. அப்புறம் செப்பு பாய்லர், அதுக்கப்புறம் கரண்ட் கீஸர். இப்போ சில ரிசார்ட்டுகளில் ஜக்கூசி தொட்டியே வந்தாச்சு. சுகம் கூடக்கூட ஷாக் அடிக்கிற வாய்ப்பும் கூடுது என்பதுதான் மேட்டர்.

கீஸர் என்ற பேரே ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றிலிருந்து வந்தது. 1868-ல் லண்டன்காரர் பெஞ்சமின் வாடி மாகன் கேஸில் ஓடும் வெந்நீர்ப் பெட்டி ஒன்றைச் செய்து அந்தப் பேரை வைத்தார். அதில் புகை வெளியே போக வழியே கிடையாது! ஜக்கூசி கதையும் சுவாரசியம். கலிபோர்னியாவில் பம்பு செய்துகொண்டிருந்த இத்தாலியக் குடும்பம் அது. மூட்டுவாதத்தில் அவதிப்பட்ட பிள்ளைக்காகத் தொட்டியில் போடும் பம்பு ஒன்றைச் செய்து 1956-ல் விற்பனைக்கு விட்டார்கள். 1968-ல் ராய் ஜக்கூசி பம்பையும் தொட்டியையும் ஒண்ணா சேர்த்தார்.

வெந்நீர் முன்னாடி வந்துடுச்சு. பாதுகாப்பு? அது ரொம்ப லேட்.

"ப்யூஸ் இருக்கே, எர்த் இருக்கே, அப்புறம் என்ன?" என்று நம்மில் பல பேர் கேட்போம். கொஞ்சம் கணக்குப் போடுவோம். கீஸருக்குள் இருக்கும் காயில் அரித்துப்போய் கரண்ட் வெளி டப்பாவுக்கு வந்துவிட்டது. எர்த் வயர் வழியா அது மண்ணுக்குப் போகணும். மலையில் மண் கொஞ்சம்தான், அடியில் எல்லாம் கரும்பாறை. மாசி, பங்குனியில் எர்த் குழி காய்ந்தும் போகும். எர்த்தின் தடை 50 ஓம் என்று வையுங்கள். 230-ஐ 50-ஆல் வகுத்தா 4.6 ஆம்பியர். நல்லா ஓடுற 2 கிலோவாட் கீஸரே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் ப்யூஸ் இந்த 4.6-க்கு அசையுமா? அசையாது. டப்பாவும் குழாயும் ஷாக்கோடவே நிற்கும். ப்யூஸ் வயரைக் காப்பாத்த வந்தது, நம்மை இல்லை.

மனுஷனைக் கொல்ல ஆம்பியரே தேவையில்லை. பெர்க்லியில் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல் ஆட்களை வைத்தே சோதித்துப் பார்த்தார். கையில் பிடித்த கம்பியை விட முடியாமல் போகும் அளவு, ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. நனைஞ்ச உடம்புன்னா அந்த அளவு கரண்ட் இன்னும் சுலபமா பாயும்.

இதற்கு மருந்து சுரங்கத்தில் பிறந்தது. 1950-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் ஷாக் சாவைத் தடுக்க ஹென்றி ரூபின் கசிவைப் பிடிக்கும் கருவியை உருவாக்கினார். 1961-ல் டால்ஸியலும் 5 மில்லி ஆம்பியரிலேயே அணைந்துவிடும் ஒன்றைச் செய்தார். அமெரிக்க விதிகள் 1968-ல் நீச்சல் குள விளக்குகளுக்கும், 1975-ல் குளியலறை பிளக்குகளுக்கும் இதைக் கட்டாயமாக்கின. நம்ம ஊரில் மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிகளிலும், அதற்குப் பதிலா 2023-ல் வந்த விதிகளிலும் கசிவுப் பாதுகாப்பு இருக்கு.

கடையில் ஆர்சிசிபி என்று கேட்டால் கொடுப்பார்கள். வேலை எளிது: ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் அப்படியே திரும்புதா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண் இமைக்கும் முன் ரெண்டையும் துண்டிக்கும். மேலே சொன்ன பாறை எர்த் 500 ஓமே இருந்தாலும் 460 மில்லி ஆம்பியர் கசியும். அது போதும், அணைஞ்சிடும். மலை ஊருக்கு இதைவிட வேறென்ன வேணும்?

குழாயைத் தொட்டா 'சுர்'ருன்னா தொட்டுத் தொட்டுப் பார்க்காதீங்க. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. கீஸர் போட்டா மட்டும் ஆர்சிசிபி விழுந்தா காயில் போயிருக்க வாய்ப்பு அதிகம். கீஸரைக் கழட்டின பிறகும் விழுந்தா வயரிங்கிலோ வேற சாமானிலோ தேடணும்.

இன்னொண்ணு. "எர்த்தைக் கழட்டிட்டா விழாது சார்" என்று ஆலோசனை சொல்ற ஆள் எல்லா ஊரிலும் இருக்கார். உண்மைதான், விழாது. கசிவு போக வழி இருக்காது. குளிக்க வந்தவர் குழாயைத் தொடும்போது அவரே எர்த் ஆவார். எர்த்தும் வேணும், ஆர்சிசிபியும் வேணும். ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வேண்டாம் என்பதில்லை.

அதில் 'டி' என்று ஒரு குட்டி பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. விழுந்தா சந்தோஷம். விழலைன்னா மாத்துங்க.