படகு இயந்திரத்துக்கு எந்த எண்ணெய், எந்த எரிபொருள்?

2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய்யின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு நாள் தொழிலுக்கு 20 லீற்றர் எரிக்கும் சிறு படகொன்றின் செலவு ஒரே இரவில் 1,740 ரூபாவிலிருந்து 6,800 ரூபாவானது. பின்னர் விலை இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வடக்கின் கரையோரங்களில் எரிபொருள் விலை பற்றிச் செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம் நான் கேட்பது ஒரே கணக்கைத்தான். எரிபொருளைக் குறைத்தால் போகும் தூரம் குறையும், ஆகவே அதில் கலக்கும் எண்ணெய்யைக் குறைப்போம். ஒரு லீற்றர் நல்ல எண்ணெய்யின் விலையைப் பார்த்தால் அந்த எண்ணம் வருவதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு பிழையானது.

எங்கள் கண்ணாடியிழைப் படகுகளின் பின்புறத்தில் மாட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரங்களில் பெரும்பாலானவை இரண்டு அடி, அதாவது ரூ-ஸ்ரோக் வகை. காரிலும் வானிலும் இருப்பதுபோல இவற்றின் அடியில் எண்ணெய்த் தொட்டி கிடையாது. எரிபொருளோடு கலந்து உள்ளே போகும் எண்ணெய்தான் கிராங் தண்டின் பெயரிங்குகளையும் பிஸ்டனையும் சிலிண்டர் சுவரையும் நனைக்கிறது. நனைத்துவிட்டு, எரிந்து, புகையோடு வெளியேறிவிடுகிறது. அடுத்த சுற்றுக்குப் புதிய எண்ணெய் வரவேண்டும். வராவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசும். பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரில் இறுகிவிடும். கரையில் இதை ‘எஞ்சின் பிடிச்சுப் போச்சு’ என்பார்கள்.

இனி விகிதம். 50க்கு 1 என்றால் ஒரு லீற்றர் எரிபொருளுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய், 20 லீற்றர் கானுக்கு 400 மில்லிலீற்றர். புதிய இயந்திரத்தின் முதல் மணித்தியாலங்களில் பல மாதிரிகள் இதன் இரு மடங்கை, அதாவது 25க்கு 1 என்று கேட்கும். மண்ணெண்ணெய்யில் ஓடும்போது தேவைப்படும் விகிதம் வேறாக இருக்கலாம் என்பதால் அந்த மாதிரிக்கான கையேட்டைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பக்கத்து வள்ளத்துக்காரர் சொல்வது அவருடைய இயந்திரத்துக்கு. 400க்குப் பதிலாக 200 ஊற்றினால் மிச்சப்படுவது ஒரு தேநீர்க் கோப்பை அளவு எண்ணெய். பிஸ்டன் பிடித்தால் செலவு சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்டனும் ரிங்குகளும் போடுவது. அதற்கு எடுக்கும் நாட்களில் தொழிலும் இல்லை.

கூடுதலாக ஊற்றினால் நல்லதா? அதுவும் இல்லை. பிளக் கறுத்து ஈரமாகும், புகைபோக்கியில் கரி படியும், ஓட்டம் தடுமாறும்.

அளவைவிட அதிகம் கவனிக்கப்படாதது எண்ணெய்யின் வகை. கடையில் ‘2ரீ’ என்று கேட்டால் மோட்டார் சைக்கிளுக்கும் மரம் அரியும் இயந்திரத்துக்கும் ஊற்றும் எண்ணெய்யைத் தந்துவிடலாம். அவை காற்றால் குளிரும் இயந்திரங்கள். மிகச் சூடாக ஓடுவதால் அவற்றின் எண்ணெய்யில் உலோகச் சேர்மங்கள் கலந்த சுத்திகரிப்பான்கள் இருக்கும், எரிந்ததும் சாம்பல் மிஞ்சும். வெளியிணைப்பு இயந்திரமோ கடல்நீரை உறிஞ்சிக் குளிர்கிறது, குறைந்த வெப்பத்தில் ஓடுகிறது. அந்தச் சாம்பல் பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் படிந்து, கனன்று, பிளக் பொறி விடுவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைக்கத் தொடங்கும். அப்போது பிஸ்டனில் துளை விழக்கூடும்.

படகுக்கான எண்ணெய்யின் போத்தலில் ‘ரீசி-டபிள்யூ3’ என்ற குறி ஆங்கில எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். நீரால் குளிரும் இரண்டு அடி இயந்திரத்துக்கான, சாம்பல் மிஞ்சாத எண்ணெய் என்பதே அதன் பொருள். அமெரிக்காவின் தேசிய கடல்சார் உற்பத்தியாளர் சங்கம் இந்தத் தரத்துக்கு உரிமம் வழங்குகிறது. உரிமம் பெற்ற எண்ணெய்யின் போத்தலில் ‘ஆர்எல்’ என்று தொடங்கும் இலக்கமும் இருக்கும். ‘ஜாஸோ எஃப்சி’, ‘எஃப்டி’ என்று மட்டும் போட்டிருந்தால் அது நல்ல எண்ணெய்யாக இருக்கலாம், ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு. கார் எண்ணெய்யும் வேண்டாம். வாகனத்திலிருந்து வடித்த கழிவெண்ணெய்யைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதில் ஏற்கெனவே தேய்ந்த உலோகத்தூள் இருக்கிறது.

‘மண்ணெண்ணெயே எண்ணெய்தானே, பிறகெதுக்கு வேற எண்ணெய்?’ என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். உண்மை இதற்கு நேர்மாறானது. மண்ணெண்ணெய் பெற்றோலைவிட மெதுவாக ஆவியாகும். ஆவியாகாத பகுதி திரவமாகவே சிலிண்டர் சுவரில் பட்டு, அங்கிருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும்.

மண்ணெண்ணெய்யில் இயந்திரம் ஓட்டுவது வடக்கில் எவருக்கும் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேட்டரில் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெய்யில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை இன்னும் இருக்கிறது. எங்கள் வீடுகளில் அந்தப் புகை மணம் ஒரு நினைவாகவே தங்கியிருக்கிறது. மண்ணெண்ணெய் வெளியிணைப்பு இயந்திரமும் அதே முறையில்தான் இயங்குகிறது. குளிரான நிலையில் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரைக்குத் திரும்பி நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, காபரேட்டரில் மீந்த மண்ணெண்ணெய்யை எரித்து முடிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்தால் அடுத்த விடிகாலை கயிறு இழுத்துத் தோள் நோகும்.

ஆனால் பெற்றோலுக்கென்று செய்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுவது வேறு விடயம். மண்ணெண்ணெய்யின் ஒக்டேன் மிகக் குறைவு. அழுத்தம் கூடினால் அது ஒழுங்காக எரியாமல் வெடிக்கும். அதனால் யமஹா போன்ற நிறுவனங்கள் மண்ணெண்ணெய் மாதிரிகளைக் குறைந்த அமுக்க விகிதத்தோடு தனியாகச் செய்கின்றன. காரில் இப்படி வெடித்தால் ‘டக் டக்’ என்று கேட்கும். படகின் இரைச்சலில் அது காதில் விழாது, ரிங் பள்ளம் உடைந்த பிறகுதான் தெரியவரும். பழைய இயந்திரம் வாங்குபவர்கள் முதலில் அதன் மாதிரி இலக்கத்தைப் பார்த்து எந்த வகை என்று உறுதிப்படுத்த வேண்டும்.

பெற்றோல் இயந்திரத்துக்கு 92ஆ, 95ஆ? தொழிலுக்குப் பாவிக்கும் சாதாரண இரண்டு அடி இயந்திரங்கள் பெரும்பாலானவற்றுக்கு 92 போதும். கையேடு கேட்காத இடத்தில் 95 ஊற்றினால் வலு கூடாது, காசுதான் கூடப் போகும். அந்தக் காசுக்குச் சரியான எண்ணெய் வாங்கலாம்.

இயந்திரம் பிடித்துப்போனால் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. பாக்கு நீரிணையில் 1974ஆம் ஆண்டும், மன்னார் வளைகுடாவில் 1976ஆம் ஆண்டும் செய்த உடன்படிக்கைகளின்படி வகுத்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரிவதில்லை. இயந்திரம் நின்ற படகை நீரோட்டமும் காற்றும் இழுத்துப் போகும். ஒற்றை இயந்திரத்தோடு போகும் சிறு படகில் துடுப்பும் தொலைபேசியும்தான் மிச்சம், தொலைபேசிக்கு அலை கிடைக்கும் தூரம் என்று ஒன்றும் இருக்கிறது.

இந்த எண்ணெய் கடலுக்கும் போகிறது. இரண்டு அடி இயந்திரங்களின் பழைய காபரேட்டர் வகைகளில், உள்ளே போகும் எரிபொருளில் நான்கில் ஒரு பங்குவரை எரியாமலே புகைபோக்கி வழியாக வெளியேறக்கூடும், அதுவும் தண்ணீருக்குள். யாழ்ப்பாணக் கடனீரேரி போன்ற ஆழம் குறைந்த இடத்தில், இறங்குதுறை ஓரம் மிதக்கும் வானவில் நிறப் படலத்தை எல்லோரும் பார்த்திருப்போம். தேவைக்கு மேல் எண்ணெய் ஊற்றாதிருக்க இதுவும் ஒரு காரணம்.

கலக்கும் முறையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமான கானில் பாதி எரிபொருள், பிறகு அளந்த எண்ணெய், நன்றாகக் குலுக்கி மீதி எரிபொருள். போத்தல் மூடியால் அளக்காமல், கோடு போட்ட அளவுக் குவளையால் அளக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் வேண்டியதைக் கலந்து வைக்காதீர்கள். கடற்கரையில் திறந்து மூடும் கானில் தண்ணீர் சேரும், அது அடியில் தங்கும். ஆகவே கடைசி அங்குலத்தைத் தாங்கிக்குள் ஊற்றாமல் விடுவதும், நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைப் பூட்டுவதும் நல்லது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கி நிற்கும். பீடி பற்றவைக்கும் இடம் அதுவல்ல.

பெந்தோட்டை போன்ற இடங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டும் ஜெட் படகுகளுக்கும் ஜெட் ஸ்கீகளுக்கும் மேலே சொன்னதை அப்படியே பொருத்த வேண்டாம். அவை கூடிய சுழற்சியில் ஓடுபவை. புகைபோக்கியில் தனி வால்வு கொண்ட சில இரண்டு அடி மாதிரிகளுக்கு ரீசி-டபிள்யூ3 கூடாது என்றும், ‘ஏபிஐ ரீசி’ வகை எண்ணெய்தான் வேண்டும் என்றும் தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார். பெயரில் இரண்டு எழுத்து ஒன்றுதான், எண்ணெய் வேறு. நான்கு அடி வெளியிணைப்பு இயந்திரத்துக்கு மாறியவர்களுக்கோ கலவையே இல்லை. அதற்கு ‘எஃப்சி-டபிள்யூ’ குறியுள்ள எண்ணெய்யைத் தனியாக அடியில் ஊற்றி, காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும்.

இயந்திரம் எப்படி இருக்கிறது என்று தெரிய, மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மெல்லிய மண்ணிறம் என்றால் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் கூடிவிட்டது, அல்லது மண்ணெண்ணெய் சரியாக எரியவில்லை. வெளுத்து, நுனி கொப்பளித்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. அன்று தொழிலுக்குப் போகாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.