'எங்க பையன் சமத்து, அழவே மாட்டான்': தீவிர நோயுள்ள குழந்தைகளின் மனவேதனையைக் கண்டறிவது எப்படி?

புற்றுநோய் வார்டில் அழுது அடம்பிடிக்கும் குழந்தையை எல்லோரும் கவனிப்பார்கள். ஊசி போட்டாலும் சத்தமே போடாத குழந்தைக்கு 'சமத்து' என்று பெயர். ஆனால், அந்த அமைதிக்குள் பயமோ மனச்சோர்வோ இருக்கலாம். பார்த்தால் தெரியாது, கேட்டால்தான் தெரியும். அப்படி எல்லாக் குழந்தைகளிடமும் முறையாகக் கேட்பதுதான் ஸ்கிரீனிங்.

எப்படிக் கேட்கிறார்கள்?

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைப்பது போலத்தான். 1998-ல் நியூயார்க் மருத்துவர்கள், வயதுவந்த புற்றுநோயாளிகளுக்காக 'டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டர்' என்ற அளவுகோலை வெளியிட்டார்கள். மனவேதனை எவ்வளவு என்று 0 முதல் 10-க்குள் நோயாளியே சொல்ல வேண்டும். பின்னர் இது குழந்தைகளுக்கும் ஏற்றபடி மாற்றப்பட்டது.

25 கேள்விகள் கொண்ட எஸ்டிக்யூ படிவம் தமிழிலும் இருக்கிறது. பெற்றோர் நிரப்பலாம், 11 வயதுக்கு மேல் பிள்ளைகளே நிரப்பலாம். இரண்டு பதில்களும் பல நேரம் ஒத்துப்போகாது. அதனால் இரு தரப்பையும் கேட்பது நல்லது.

மதிப்பெண்ணை அப்படியே நம்பலாமா?

கூடாது. 'அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி வருகிறதா?' என்பதும் இந்தப் படிவத்தில் உண்டு. கீமோதெரபி எடுக்கும் குழந்தைக்கு அது மருந்தால்கூட வரலாம். ஸ்கிரீனிங் என்பது நோயறிதல் அல்ல. 'இந்தக் குழந்தையிடம் உட்கார்ந்து பேசுங்க' என்று சொல்லும் எச்சரிக்கை மணி, அவ்வளவுதான்.

ஒரு தடவை கேட்டா போதுமா?

போதாது. ரத்தப் புற்றுநோயில் பரவலான ஒரு வகைக்கு (ஏஎல்எல்) சிகிச்சையே 2 முதல் 3 ஆண்டுகள் நீளும். இடையில் பள்ளி போகும், நண்பர்கள் விலகுவார்கள், முடி கொட்டும். புற்றுநோயுள்ள குழந்தைகளுக்காக 2015-ல் வெளியான 15 உளவியல், சமூகப் பராமரிப்புத் தரநிலைகளில், மனநலத் தேவைகளைத் தொடர்ச்சியாக மதிப்பிடுவதும் ஒன்று.

அதற்குப் பிறகு?

இங்கேதான் சிக்கல். 2019-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையின்படி, இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்களே இருந்தார்கள். குழந்தைகளுக்கான நிபுணர்கள் இன்னும் குறைவு. பதிலை வாங்கி ஃபைலில் வைத்து மூடினால், கேட்டதில் பயனில்லை.

அதே நேரம், எல்லாருக்கும் நிபுணர் தேவைப்படாது. அமெரிக்காவில் உருவான 'பாட்' என்ற கருவி குடும்பங்களை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. முதல் அடுக்குக்குப் பொதுவான ஆதரவு போதும். அடுத்த அடுக்குக்குக் குறிப்பிட்ட பிரச்னையில் கூடுதல் உதவி வேண்டும். கடைசி அடுக்குக்குத்தான் மனநல நிபுணர். சிகிச்சையை முன்கூட்டியே விளக்குவது, விளையாட்டு, படிப்பைத் தொடர வழி ஆகியவற்றை, பயிற்சி பெற்ற செவிலியரும் சமூகப் பணியாளரும் செய்யலாம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

'ராத்திரி தூக்கம் வருதா? எதை நினைச்சா பயமா இருக்கு?' என்று நேரடியாகக் கேளுங்கள். தூக்கம், பசி, விளையாட்டு ஆர்வம் மாறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனை கிடைக்குமா என்று நீங்களே கேட்கலாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம். அது பெற்றோருக்கும்தான்.