குழுப்படத்தின் ஓரம்: பிலிம் லென்ஸ் டிஜிட்டல் லென்ஸாக மாறிய கதை

கெடா தோட்டங்களில் எடுத்த பழைய குழுப்படம் ஒன்றைப் பாருங்கள். நடு நாற்காலியில் துரை இருப்பார். அவருக்குப் பக்கத்தில் கிராணிமார், தண்டல்மார். பால்மரம் வெட்டியவர்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் பின்வரிசையிலோ ஓரத்திலோதான் நிற்பார்கள். லென்ஸுக்கும் அதே குணம்தான். நடுவில் தெளிவு, ஓரத்தில் மங்கல்.

பிலிம் காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. பிலிமில் பூசிய வெள்ளி உப்பு, ஒளி நேராக வந்தாலும் சரிவாக வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். டிஜிட்டல் சென்சர் அப்படியில்லை. அதிலுள்ள ஒவ்வொரு பிக்சலும் ஒரு சின்னக் கிணறு மாதிரி. உச்சி வெயில் அடிவரை இறங்கும், சாய்ந்த வெயில் சுவரோடு நின்றுவிடும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பள்ளி வரலாற்றுத் திரட்டுக்காக பீடோங் பக்கம் பழைய தோட்டத்துக் குடும்பங்களைப் படமெடுக்கப் போனேன். மாமாவின் பிலிம் காலத்து அகலக்கோண லென்ஸை, வளையம் போட்டு டிஜிட்டல் கேமராவில் மாட்டியிருந்தேன். நடுவில் எல்லாம் அழகு. ஓரத்தில் நின்ற பாட்டியின் முகமோ இருண்டு, ஊதா படர்ந்து போச்சு. "ஏன் வாத்தியாரே, என்னை மட்டும் இருட்டுல நிக்க வச்சீங்க?" என்று கேட்டார். அந்த வகை லென்ஸின் பின்கண்ணாடி பிலிமுக்கு மிக அருகில் இருக்கும். அதனால் ஓரத்துக்குப் போகும் ஒளி ரொம்பச் சரிந்துதான் விழும்.

இதற்கு இரண்டு வழிகள் கண்டார்கள். 2003-இல் வந்த ஒலிம்பஸ் இ-1 கேமராவுக்கு லென்ஸையே புதிதாக வடிவமைத்தார்கள், ஒளி சென்சரில் ஏறக்குறைய நேராக விழும்படி. 2006-இல் வந்த லைக்கா எம்8 கேமராவிலோ பழைய லென்ஸ்களைக் கைவிடவில்லை. சென்சரின் ஓரப் பிக்சல்கள் மேலுள்ள நுண்வில்லைகளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்கள்.

அளவும் ஒரு சிக்கல். பிலிம் சட்டம் 36 × 24 மி.மீ. 2003-இல் வந்த கெனான் 300டி சென்சர் 22.7 × 15.1 மி.மீ. மட்டுமே. 50 மி.மீ. லென்ஸ் அதில் 80 மி.மீ. போல நடந்துகொண்டது. ஓரம் மங்கவில்லை, ஓரத்தில் நின்றவர்களே படத்தில் இல்லாமல் போனார்கள்! அதனால்தான் அந்தக் கேமராவோடு 18-55 மி.மீ. லென்ஸ் வந்தது. இதில் 18 மி.மீ. என்பது பிலிம் கணக்கில் சுமார் 29 மி.மீ.

இன்னொன்று, சென்சர் பளபளப்பானது. அதில் பட்டுத் திரும்பும் ஒளி லென்ஸின் பின்கண்ணாடியில் மோதி மறுபடி வந்து விழுந்தால், படத்தில் பேய்போல ஒரு பிம்பம் தெரியும். ஆகவே பின்கண்ணாடிப் பூச்சிலும் கவனம் தேவைப்பட்டது. இப்போது ஓரத்து இருட்டைக் கேமராவின் மென்பொருளே வெளுப்பாக்கிவிடுகிறது. ஆனால் வெளுப்பாக்கிய இடத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும்.

'பிலிம் போய் டிஜிட்டல் வந்தது' என்று மாணவர்கள் ஒரே வரியில் முடிக்கும் விடைக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

பழைய தோட்டப் படங்களைப் பிரதி எடுக்கும் ஆசிரியர்கள் சட்டம் நிரம்ப எடுக்க வேண்டாம். நான்கு பக்கமும் இடம் விட்டு எடுங்கள். ஓரத்து முகங்கள் லென்ஸின் நல்ல பகுதிக்குள் வந்துவிடும்.