காலாவதியான எதிர்காலம்

1967இல் பிரான்சின் ‘பிலோத்’ வார இதழில், பியேர் கிறிஸ்தேன் எழுத, ழான் குளோத் மெசியேர் வரைய, ‘வலேரியன்’ படக்கதை தொடங்கியது. நாயகன் வலேரியன் 28ஆம் நூற்றாண்டுத் தலைநகரான கேலக்சிட்டியின் காலப்பயண முகவன். துணைவி லோரலின் 11ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பெண்.

வடதுருவத்தில் ஹைட்ரஜன் குண்டுக் கிடங்கு வெடித்து, 1986இல் உலகம் வெள்ளத்தில் மூழ்குகிறது. அவ்வழிவிற்குப் பின்னரே கேலக்சிட்டி எழுகிறது. இதுவே 1970இல் வெளியான கதையின் அடித்தளம். பனிப்போர்க்கால அணு அச்சம் அங்கு ஓர் ஆண்டெண்ணாக உறைந்தது.

1986 நெருங்கியபோது ஆசிரியர்கள் கணக்கை மழுப்பவில்லை. 1985ஆம் ஆண்டுத் தொகுதியில் பேரழிவு தடுக்கப்படுகிறது. அதனாலேயே கேலக்சிட்டியும் இல்லாமற்போகிறது. உலகம் பிழைத்தது, நாயகர் இருவரும் நாடிழந்தனர். பேரழிவின்மேல் எழுந்த பொற்காலத்தை மீட்க அப்பேரழிவை மீண்டும் வேண்டலாமா என்பதே அக்கதை வரலாற்று மாணவர்க்கு விட்டுச்செல்லும் வினா.