கிளர்ச்சியும் மௌனமும்: ஹெய்லி செலாசி ஆட்சியின் வீழ்ச்சி குறித்து

எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி 1974 செப்டம்பர் 12 அன்று அரியணையிலிருந்து இறக்கப்பட்டதற்கு வொல்லோ பஞ்சமும் விலையேற்றமுமே காரணமாகச் சொல்லப்படுகின்றன. அவை உடனடிக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆட்சியின் நோய் 1960 டிசம்பரிலேயே வெளிப்பட்டுவிட்டது. பேரரசர் அதை அறிந்தும் வேருக்கு மருந்திடவில்லை என்பதே என் வாதம்.

1916இல் ஆட்சிப் பொறுப்பாளரான தஃபரி மக்கோனன், 1923இல் நாட்டை உலக நாடுகள் சங்கத்தில் சேர்த்தார், 1930இல் ஹெய்லி செலாசி என்ற பெயரில் முடிசூடினார். இத்தாலியப் படையெடுப்பை எதிர்த்து 1936இல் ஜெனிவாவில் அவர் முழங்கிய உரைக்கு வரலாற்றில் உரிய இடம் உண்டு. அந்தப் புகழ் அவருடைய உள்நாட்டு ஆட்சிமுறையை மறைத்துவிடக் கூடாது. வட்டாரப் பிரபுக்களின் செல்வாக்கை ஒடுக்க, தம்மை மட்டுமே அண்டி நிற்கும் படித்தவர்களை அவர் உருவாக்கினார். பள்ளிகள் திறந்தார், இளைஞர்களை வெளிநாட்டுக்கு அனுப்பினார். 1955 அரசமைப்பு மக்களவைக்குத் தேர்தலை அளித்தது. கட்சிகள் இல்லை, அமைச்சர்கள் பேரரசருக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். படித்தவர்களுக்குப் பதவி கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை.

இந்த முரண்பாட்டை கெர்மாமே நெவாயின் வாழ்வில் தெளிவாகக் காணலாம். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அவர், தெற்கே வொலாமோ பகுதியின் ஆளுநராக இருந்தபோது நிலமற்றோருக்கு நிலம் கொடுத்தார். நிலக்கிழார்கள் முறையிட்டனர், அவர் ஜிஜிகாவுக்கு மாற்றப்பட்டார். 1960 டிசம்பரில் பேரரசர் பிரேசிலில் இருந்த வேளையில் கெர்மாமேயும், அரச மெய்க்காவற்படைத் தளபதியான அவர் அண்ணன் மெங்கிஸ்து நெவாயும் கிளர்ந்தெழுந்தனர். தரைப்படை பேரரசர் பக்கம் நின்றது. தோல்வி உறுதியானதும், கெனெத்தெ லெயுல் அரண்மனையின் பச்சைக் கூடத்தில் பிணைக்கைதிகளாக இருந்த அமைச்சர்களையும் பிரபுக்களையும் கிளர்ச்சியாளர்கள் சுட்டனர். கெர்மாமே பிடிபடும் தறுவாயில் இறந்தார்; மெங்கிஸ்து 1961இல் தூக்கிலிடப்பட்டார்.

அதன்பின் நடந்தவையே நம் கவனத்துக்குரியவை. சிப்பாய்கள் கேட்ட சம்பள உயர்வு கிடைத்தது. குருதி படிந்த அந்த அரண்மனை 1961இல் புதிய பல்கலைக்கழகத்துக்குக் கொடையாக வழங்கப்பட்டது. கெர்மாமே எழுப்பிய நிலக் கேள்விக்கு மட்டும் விடையில்லை. தெற்கில் குத்தகையாளர் விளைச்சலில் பாதிவரை அளந்துகொண்டிருந்தனர். 1965இல் ‘உழுபவனுக்கே நிலம்’ என்று தெருவில் இறங்கியவர்கள் அதே பல்கலைக்கழக மாணவர்கள். மறு ஆண்டு நிலச் சீர்திருத்த அமைச்சகம் உருவானது. ஆனால் குத்தகைச் சட்ட முன்வரைவு, நிலவுடைமையாளர் நிறைந்த நாடாளுமன்றத்தில் கடைசிவரை நிறைவேறவில்லை. முழு அதிகாரமும் கையிலிருந்த ஒருவர் இந்த ஒன்றில் மட்டும் நாடாளுமன்றத்தின் தயக்கத்தை ஏற்றுக்கொண்டதை இயலாமை என்று நான் கருதவில்லை. அது அவருடைய தேர்வு.

1973இல் வொல்லோவில் மக்கள் மடிந்தபோது அரசு அதை மூடி மறைத்தது. 1974 ஜனவரியில் நெகெலே முகாமில் மோசமான உணவுக்கும் தண்ணீருக்கும் எதிராகச் சிப்பாய்கள் கலகம் செய்தனர். சம்பளத்தால் வாங்கிய விசுவாசம் இம்முறை நிற்கவில்லை. பேரரசரை ஒரு சிறிய ஃபோக்ஸ்வாகன் காரில் ஏற்றிச் சென்ற ‘தெர்க்’ இராணுவக் குழு, 1975 மார்ச்சில் கிராமப்புற நிலம் முழுவதையும் பொதுவுடைமையாக அறிவித்துக் குத்தகை முறையை ஒழித்தது. பேரரசர் தம் மாணவர்களுக்கு மறுத்த சீர்திருத்தம், எவருக்கும் பதில் சொல்லாத படைவீரர்களின் ஆணையாக வந்து சேர்ந்தது.