மாத்திரையும் நடையும்: ஓர் அச்சத்தின் வரலாறு

அல்வாலில் காலை நடைக்குச் செல்லும் நடுத்தர வயதினரிடையே இரண்டு வினாக்கள் வழங்குகின்றன. "நாள்தோறும் நடக்கிறேனே, கொலஸ்டிரால் மாத்திரை எதற்கு?" என்பது ஒன்று. "மாத்திரை தொடங்கியபின் கால் வலிக்கிறது, இரண்டில் எதை விடுவது?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

நடையும் மாத்திரையும் வெவ்வேறு வழிகளில் வந்தவை. 1953இல் ஜெர்ரி மாரிஸ் குழுவினர் லண்டன் பேருந்துப் பணியாளர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அமர்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்குப் பேருந்தில் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயத்தமனி நோய் குறைவாக இருந்தது. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவு குறித்த நவீன ஆய்வுக்கு இதுவே அடித்தளமாயிற்று.

மாத்திரையின் வழி ஜப்பானில் தொடங்கியது. ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சோதித்த அகிரா எண்டோ, 1973இல் ஒரு பென்சிலியம் பூஞ்சையில் முதல் ஸ்டேட்டினைக் கண்டறிந்தார். கல்லீரல் கொலஸ்டிராலை உருவாக்கத் தேவையான நொதியை அது தடுத்தது. 1987இல் லோவாஸ்டாட்டின் அமெரிக்க ஒப்புதல் பெற்றது.

இம்மருந்துகள் மலிவானதில் ஹைதராபாத்துக்கும் பங்குண்டு. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துகளின் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை அளித்தது. மாற்றுச் செய்முறை கண்டவர் அதே மருந்தைத் தயாரிக்க முடிந்தது. அல்வாலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பாலாநகரின் பொதுத்துறை மருந்தாலையான ஐ.டி.பி.எல்.லில் பணியாற்றிய அஞ்சி ரெட்டி, 1984இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2006இல் அந்நிறுவனம் மெர்க்கின் அனுமதியுடன் அமெரிக்காவிலேயே சிம்வாஸ்டாட்டினை விற்றது.

இரு வழிகளும் உரசிக்கொண்ட இடம் தசை. செரிவாஸ்டாட்டின் என்னும் மருந்து கடுமையான தசைச் சிதைவையும் மரணங்களையும் விளைவித்ததால் 2001இல் திரும்பப் பெறப்பட்டது. அந்த அச்சம் அம்மருந்தோடு மறையாமல் ஸ்டேட்டின் இனம் முழுவதன் மீதும் படிந்தது. 2013இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு அதற்கு வலுச் சேர்த்தது: பன்னிரண்டு வாரப் பயிற்சியில் உடல்தகுதி சுமார் 10 விழுக்காடு உயர, சிம்வாஸ்டாட்டினும் உட்கொண்டவர்களுக்கு 1.5 விழுக்காடே உயர்ந்தது. ஆனால் அதே ஆண்டில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க முன்னாள் படைவீரர்களை ஆராய்ந்தவர்கள், ஸ்டேட்டினும் உயர்ந்த உடல்தகுதியும் சேர்ந்திருந்தோரிடமே இறப்பு மிகக் குறைவு எனக் கண்டனர்.

2020இல் வெளியான சாம்சன் ஆய்வு, பக்கவிளைவால் மாத்திரையை நிறுத்திய 60 பேருக்கு ஸ்டேட்டினையும் போலி மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தது. ஸ்டேட்டின் மாதங்களில் உணர்ந்த தொல்லையின் 90 விழுக்காடு போலி மாத்திரையிலும் தோன்றியது. வலி பொய்யன்று, அதன் காரணமாக நாம் கருதியதே பெரும்பாலும் பிழை.

எனினும் அரிதான தசைச் சிதைவு உண்மையே. கடும் வலி, தளர்ச்சி, சிறுநீர் கருத்தல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரை நாட வேண்டும். மற்ற வலிகளுக்கு இரத்தத்தில் தசை நொதியைச் சோதிக்கலாம், அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டேட்டினுக்கு மாறலாம். நடத்துநரின் படிக்கட்டும் எண்டோவின் பூஞ்சையும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாக வந்தவையல்ல. 2001இன் அச்சத்தைக் கொண்டு இன்றைய மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவோர், தமக்கு உரியதல்லாத ஒரு வரலாற்றுக்கு விலை கொடுக்கிறார்கள்.